எடுக்காத அழைப்பு கணக்கில் வராது

நல்லூர் நஞ்சப்பனின் செல்போனுக்கு ஆறு மாதமாக ஒருத்தர்கூடக் கூப்பிடவில்லை என்று சினேகா செல் கம்பெனி சொன்னது. தினமும் சாயங்காலம் ஆறேகாலுக்குக் கூப்பிட்டார்கள் என்று நஞ்சப்பன் சொன்னார். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. இந்த விவகாரத்தின் சிக்கலே அதுதான்.

நஞ்சப்பன் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குக் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டுகிறவர். வெட்டி முடித்த துணிக்கட்டுகளைத் தையல் யூனிட்டுகளில் இறக்கிவிட்டு, தைத்து முடித்ததை ஏற்றிக்கொண்டு வருவது அவர் வேலை. திருப்பூரில் இந்த வேலை முழுக்க மிஸ்டு காலில் நடக்கும். ஒரு மணி அடித்து நின்றால் கட்டு தயார், வண்டி வரலாம். இரண்டு மணி என்றால் நூல் தீர்ந்துவிட்டது. விடாமல் அடித்தால் முதலாளி. அதை மட்டும்தான் எடுத்துப் பேச வேண்டும். உலகத்துக்கே சட்டை தைத்துப் போடுகிற ஊர், பேச்சுக்கென்று ஒரு பைசா செலவழிக்காமல் இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. செல் கம்பெனிக்காரர்களுக்கு இதைப் பார்த்து வயிறு எரிந்திருந்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

2009ஆம் வருடப் பொங்கல் கழிந்து கம்பெனி திறந்ததும், முதலாளி ஞானசம்பந்தம் எல்லாரையும் செக்கிங் டேபிள் பக்கம் நிற்க வைத்துப் பேசினார். கம்பெனி இனி ஜூபிடெல் என்கிற புது செல் கம்பெனிக்கு மாறுகிறது, நமக்குள் எவ்வளவு பேசினாலும் காசு கிடையாது, சூப்பர்வைசர்களுக்கும் டிரைவர்களுக்கும் டச் போன் இலவசம் என்றார். கைதட்டல் விழுந்தது. "இனிமே மிஸ்டு கால் குடுக்கற பழக்கத்தை விட்டுப் போடோணும். நம்மகிட்டச் சரக்கு வாங்கற பையர் ஜெர்மனிக்காரன் பாத்தான்னா என்ன நெனைப்பான்?" என்றும் சொன்னார். ஜெர்மனிக்காரன் எதற்காக நஞ்சப்பனுக்கு மிஸ்டு கால் வருவதைப் பார்க்கப் போகிறான் என்று யாரும் கேட்கவில்லை.

ஆபீஸில் இருந்த சித்ராதேவி என்கிற பெண்தான் எல்லாருக்கும் புதுப் போனைத் தயார் செய்து கொடுத்தாள். அந்தப் போன் லேசுப்பட்டதாக இல்லை. பெயர் கேட்டது, பிறந்த தேதி கேட்டது, மின்னஞ்சல் முகவரி கேட்டது. எந்த நாடு என்று கேட்டபோது சித்ராதேவிக்குக் கை வலித்துவிட்டதால், பட்டியலில் முதலில் இருந்த நாட்டை அழுத்திவிட்டாள். அது ஆப்கானிஸ்தான். அதற்குப் பிறகு ஒரு வாரம் நஞ்சப்பன் காபூல் நேரப்படி ஒரு மணி நேரம் தாமதமாகச் சாப்பிட்டார். கடைசியாக அது, ரகசியக் கேள்விக்குப் பதில் வேண்டும், நீங்கள் முதன்முதலில் வளர்த்த செல்லப் பிராணியின் பெயர் என்ன என்றது.

"எருமைங்க அம்மிணி. பேரெல்லாம் வெக்கலை."

"அப்ப எருமைன்னே போட்டுக்கறனுங்கண்ணா. மறந்துராதீங்க. பழைய சிம்மைத் தூக்கிப் போட்டுருங்க."

நஞ்சப்பன் தூக்கிப் போடவில்லை. புதுப் போனை வண்டி டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு, ரப்பர் பேண்ட் சுற்றிய பழைய போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஒரு குட்டியானை ஓட்டுகிறவருக்கு ரெண்டு போனா என்று யூனிட்டுக்கு யூனிட் கேலி செய்தார்கள். சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார்.

அந்தப் பழைய போனில் அவர் யாரையும் கூப்பிடுவதில்லை. யாரும் அவரிடம் பேசுவதும் இல்லை. ஆறேகாலுக்கு அது மூன்று முறை மணியடிக்கும், நின்றுவிடும். அவருடைய ஒரே மகள் கவிப்பிரியா, உயிரோடு நன்றாக இருக்கிறேன் என்று சொல்கிற மணி அது.

இரண்டரை வருடத்துக்கு முன்னால் தன்னோடு வேலை பார்த்த பையனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். வேறு சாதி. ஒரு நாள் இருவரும் மாலையும் கழுத்துமாக வாசலில் வந்து நின்றபோது, நஞ்சப்பன் நாலு வீடு கேட்கிற மாதிரிப் பேசித் துரத்தினார். மூன்று மாதம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் இந்த மூன்று மணி. காலேஜ் படிக்கும்போது பஸ் இறங்கியதும் வண்டி கொண்டு வரச் சொல்லி அவள் கொடுக்கிற அதே மூன்று மணி. தெரியாமல் போகுமா? ஒரு ரூபாய்க் காயின் பாக்ஸிலிருந்து கூப்பிட்டாள். திருப்பிக் கூப்பிட்டால், அந்த எண்ணுக்கு அழைப்பு வராது என்று ஒரு பெண்குரல் சொல்லும். அப்பா மனசைச் சங்கடப்படுத்தக் கூடாது என்றுதான் அவள் அப்படிச் செய்தாள் போலிருக்கிறது.

அவர் ஒரு நாளும் எடுத்ததில்லை. முதல் வருடம் கோபத்தில் எடுக்கவில்லை. இரண்டாவது வருடம் கோபம் தீர்ந்துவிட்டது, ஆனால் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் எடுக்கவில்லை. அப்புறம் எடுக்காமல் இருப்பதே வழக்கமாகிவிட்டது. ஆறு மணியானால் அவர் மனைவி மயிலாள் டிவி சத்தத்தைக் குறைப்பாள். மணி அடித்து நின்றதும், "யாருங்க?" என்பாள். "ராங் நம்பரு" என்பார். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் சோறு இறங்கும்.

ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் அந்த மணி அடிக்கவில்லை.

முதல் நாள் பஸ் தாமதமாக வந்திருக்கும் என்று நினைத்தார்கள். இரண்டாம் நாள் மயிலாள் அடுப்பே பற்ற வைக்கவில்லை. மூன்றாம் நாள் நஞ்சப்பன் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ஒரு யூனிட் சுவரில் மோதினார். புள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது, நம்மிடம் சொல்லக்கூட ஆளில்லாமல் போயிற்று என்று மயிலாள் அழுதாள். யாரிடம் போய் விசாரிப்பது? அவள் பேரைச் சொன்னவர்களையெல்லாம் வாயடைக்க வைத்தவரே அவர்தான்.

நாலாம் நாள்தான், ரீசார்ஜ் கடை சுரேஷ் அந்தப் போனை வாங்கிப் பார்த்து, "ஏனுங்கண்ணா, இதுல சிக்னலே இல்லீங்களே. கார்டைக் கட் பண்ணிட்டாங்க" என்றான். நஞ்சப்பன் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, போனுக்குத்தான் ஆகியிருக்கிறது என்று முதலில் சந்தோஷம் வந்தது. சாயங்காலம் மகள் கூப்பிட்டால் அங்கே என்ன கேட்கும் என்று யோசித்ததும் அந்தச் சந்தோஷம் போய்விட்டது.

சினேகா செல் கம்பெனியின் வாடிக்கையாளர் அலுவலகத்துக்கு 'சினேக இல்லம்' என்று பேர். வாசலிலேயே, 'இது உங்கள் வீடு' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. செருப்போடு உள்ளே போகலாமா என்று தயங்கியவரை வாட்ச்மேன் ஒரு இயந்திரத்தின் முன்னால் நிறுத்தினான். உங்கள் சினேகா எண்ணை அழுத்தினால் டோக்கன் வரும். நஞ்சப்பன் தன் எண்ணை அழுத்தினார். 'மன்னிக்கவும், அப்படி ஒரு எண் இல்லை' என்றது.

"இல்லீனு சொல்லத்தானுங்க நான் வந்ததே" என்றார் நஞ்சப்பன்.

"டோக்கன் இல்லாம பார்க்க மாட்டாங்க. சினேகா நம்பர் இருக்கறவங்களுக்குத்தான் டோக்கன்."

"நம்பரைப் பறிகுடுத்தவங்க எங்க போய்ச் சொல்றதுங்க?"

"அதுக்கும் டோக்கன் எடுக்கணும்" என்றான் வாட்ச்மேன். தினமும் பத்துப் பேருக்குச் சொல்லிச் சொல்லி அவன் முகத்தில் ஒரு ஞானியின் அமைதி வந்திருந்தது. பிறகு அவனே இரக்கப்பட்டு வழி சொன்னான். வாசலுக்கு வெளியே குடை போட்டு அதே கம்பெனியின் புது சிம் விற்கிறார்கள். ஒன்று வாங்கினால் எண் வரும், எண் வந்தால் டோக்கன் வரும்.

ரேஷன் கார்டு ஜெராக்ஸும் போட்டோவும் கொடுத்து வாங்கினார். உயிர் வர இரண்டு நாளாகும் என்றார்கள். மூன்றாம் நாள் மறுபடியும் வந்து புது எண்ணை அழுத்தினார். 'வருக சினேகரே! எங்கள் குடும்பத்தில் இணைந்ததற்கு நன்றி' என்று டோக்கன் விழுந்தது. தான் தொலைத்த எண்ணைத் தேடப் போய் மூன்றாவது எண்ணுக்குச் சொந்தக்காரரானவர் அந்த ஊரிலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

கவுண்டரில் இருந்த பையனின் சட்டையில் 'பூபாலன், உங்கள் சினேகன்' என்று குத்தியிருந்தது. சேவூர்ப் பக்கத்துப் பையன். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

"சொல்லுங்க சார். உங்களுக்கு நான் எப்படிச் சந்தோசம் குடுக்கட்டுமுங்க?"

நஞ்சப்பன் சொன்னார். பூபாலன் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தான்.

"இந்த நம்பர்ல நூத்தி எம்பது நாளா உபயோகமே இல்லீங்களே. ரீசார்ஜ் இல்லீங்க. நீங்க யாருக்கும் பேசலீங்க. உங்களுக்கும் யாரும் பேசலீங்க."

"தெனமும் ஆறேகாலுக்கு மணி அடிக்குமுங்க தம்பி."

"நீங்க எடுத்தீங்களா?"

"எடுக்கலீங்க."

"எடுக்கலீன்னா அது கால் இல்லீங்க சார். எடுத்தாத்தான் கால். எங்க சிஸ்டத்துல மிஸ்டு கால்ங்கறது நடக்காத ஒண்ணுங்க. உங்களுக்கு மணி அடிச்ச மாதிரி இருந்திருக்கும், நான் இல்லீன்னு சொல்லலீங்க. ஆனா அடிச்சதா எங்களுக்குத் தெரியாதுங்க."

நஞ்சப்பன் பர்ஸிலிருந்து மடித்து மடித்துக் கிழிந்துபோன ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். 'சினேகா லைஃப்டைம், ஆயுள் முழுவதும் இலவச இன்கமிங்' என்று இருந்தது. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ரூபாய் கொடுத்து வாங்கினது.

"ஆயுசுக்கும்னு போட்டிருக்குதுங்களே. நான் இன்னும் இருக்கறனுங்களே."

"இருக்கோணுமுங்க, நூறு வருசம் இருக்கோணும்" என்று பூபாலன் கும்பிட்டான். "ஆனா இதுல சொன்ன ஆயுள் உங்களுதில்லீங்க சார், எங்க லைசென்சுது. பின்னாடி பாருங்க, போட்டிருக்கும். அந்த ஆயுளும் ஆறு மாசத்துக்கு ஒருக்கா எரநூறு ரூவா போட்டாத்தானுங்க ஓடும்."

பின்னாடி பார்த்தார். எறும்பு ஊர்ந்த மாதிரி என்னவோ இருந்தது. அதைப் படிக்கிற கண் உள்ளவர்கள் செல்போன் வாங்குகிற வயதில் இருக்க மாட்டார்கள்.

தாமதமாகிவிடவில்லை, இதற்கும் வழி இருக்கிறது என்று பூபாலன் ஒரு படிவம் எடுத்துக் கொடுத்தான். 'சினேகப் புதுப்பிப்பு விண்ணப்பம்' என்று தலைப்பு. யாராவது உண்மையிலேயே அந்த எண்ணுக்கு அழைத்தார்கள் என்று நிரூபித்தால் கம்பெனி பரிசீலிக்கும். நஞ்சப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத ஆரம்பித்தார். அழைத்தவர் பெயர்: ந. கவிப்பிரியா. உறவு: மகள். அழைத்தவரின் முகவரி. அங்கே பேனா நின்றது.

"தெரியலீங்க" என்றார்.

"மகள்னு போட்டிருக்கீங்க?"

"ஆமாங்க."

"அட்ரஸ் தெரியாதுங்களா?"

"தெரியாதுங்க தம்பி."

பக்கத்துக் கவுண்டரில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பூபாலன் குரலைத் தாழ்த்தாமல், "பரவாயில்லீங்க, அதுக்கு நட்சத்திரக் குறி இல்லீங்க. கீழ நட்சத்திரம் போட்டது ரெண்டும்தான் கட்டாயம்" என்றான். 'அழைத்தவருடன் கடைசியாகப் பேசிய தேதி' என்பது ஒன்று. 'பேச்சின் சாரம், இரண்டு வரிக்கு மிகாமல்' என்பது இன்னொன்று.

தேதி அவருக்கு மறக்கவில்லை. எழுதினார். அடுத்த இரண்டு வரியைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அதை மட்டும் விட்டுவிடலாமா என்று கேட்டார். விட்டால் சிஸ்டம் வாங்காதுங்க என்றான் பூபாலன். ஊரில் ஒருத்தரிடமும், மயிலாளிடம்கூட, அவர் மறுபடி வாய்விட்டுச் சொல்லாத அந்த வார்த்தைகளை எக்ஸ்போர்ட் கம்பெனிப் பேனாவால் கட்டத்துக்குள் எழுதினார். 'இனி இந்த ஊட்டு வாசப்படி மிதிக்காதே. நான் செத்தாலும் வராதே.'

பூபாலன் வாங்கி, உதட்டை அசைத்துப் படித்து, வரியை எண்ணினான். "கரெக்டா ரெண்டு வரிங்க" என்று ஒரு முத்திரை குத்தினான். பிறகு அவனுக்கே ஒரு சந்தேகம் வந்து, "ஆனா இது ரெண்டரை வருசத்துக்கு முந்திப் பேசுனதுங்களே. கடைசி ஆறு மாசத்துக்குள்ள பேசியிருக்கோணுமுங்க" என்றான்.

நஞ்சப்பன் எழுந்தார். அவருக்குக் கோபம் வந்து வெகுநாளாகிவிட்டதால் அதை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. "உங்க பெரியவரைப் பாக்கோணும்" என்று மட்டும் சொன்னார்.

மேலாளர் வேல்குமார் கண்ணாடி அறைக்குள் இருந்தார். அவர் சுவரில், முருகன் படத்துக்கு மேலே அந்த மாதத்து விற்பனை இலக்கு ஒட்டியிருந்தது. நஞ்சப்பனை உட்கார வைத்து, குளிர்ந்த தண்ணீர் கொடுத்து, படிவத்தைப் படித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றினார். உண்மையிலேயே மனசு கனத்தவர் மாதிரிதான் தெரிந்தது.

"நஞ்சப்பண்ணா, உறவுங்கறது என்னங்க? ரெண்டு பக்கமும் ரீசார்ஜ் பண்ணோணும். நீங்க பண்ணலை. அங்க அந்தப் பொண்ணும் பண்ணலை, காசே போடாம கூப்பிட்டிருக்குது. நடுவுல நாங்க எத்தனை டவர் போட்டு, எத்தனை டீசல் ஊத்தி அந்த மணியை அடிச்சிருக்கறோம்! ஒரு நாளாவது நீங்க எங்களை நெனைச்சீங்களா?"

நஞ்சப்பனுக்குக் குற்றவுணர்ச்சியே வந்துவிட்டது. "இல்லீங்க" என்றார்.

"எங்க குடும்பத்துல மூணு கோடிப் பேருங்க. நாங்களா யாரையும் வெட்டறதில்லை. சிஸ்டம் தானா வெட்டிக்கும், எங்களுக்கே அப்பறம்தான் தெரியும். வெட்டின நம்பரையும் உடனே யாருக்கும் தூக்கிக் குடுத்தற மாட்டோம். தொண்ணூறு நாள் சும்மா வெச்சிருப்போம். துக்கம் காக்கற மாதிரிங்க. அது அந்த நம்பருக்கு நாங்க செய்யற மரியாதை."

"அந்தத் தொண்ணூறு நாளைக்குள்ள எனக்கே திருப்பிக் குடுத்தறலாமுங்களே?"

"துக்கத்துல இருக்கற நம்பரை எப்படீங்க குடுக்கறது?" வேல்குமார் முன்னால் சாய்ந்தார். "கவர்மெண்டு புதுசா ஒரு சட்டம் கொண்டு வருதுங்க. நம்பரை மாத்தாமயே எந்தக் கம்பெனிக்கு வேணும்னாலும் போலாம். அது வரட்டும். உங்க நம்பரை எடுத்துட்டு எங்க போறதுன்னாலும் நானே மால போட்டு அனுப்பி வெக்கறேன்."

"நம்பரே இல்லீங்களே."

"அதாங்க. அதுக்கு நீங்க எங்க கஸ்டமரா இருக்கோணும்" என்று சொல்லி, வேல்குமார் கை குலுக்கி அனுப்பினார். வெளியே வந்து வண்டியில் ஏறியதும் புது சினேகா எண்ணுக்கு ஒரு அழைப்பு வந்தது. எங்கள் சேவைக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் கொடுப்பீர்கள் என்று ஒரு பெண் கேட்டாள். நஞ்சப்பனுக்கு யாரையும் மனசு நோகப் பேசிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. ஐந்து என்று சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வண்டியை எடுத்துக்கொண்டு கரூர் போனார். கடைசியாக வந்த மணிகள் கரூர் எண்ணிலிருந்து என்று பழைய போனில் இருந்தது. ஆறேகாலுக்குக் காயின் பாக்ஸ் பக்கத்தில் போய் நின்றால் அவளைப் பார்த்துவிடலாம் என்று ஒரு கணக்கு. பஸ் ஸ்டாண்டைச் சுற்றி மட்டும் பெட்டிக்கடைக்கு ஒன்று, பேக்கரிக்கு ஒன்று, மெடிக்கலுக்கு ஒன்று என்று முப்பது நாற்பது மஞ்சள் பெட்டிகள் தொங்கின. ஒரு பெட்டிக்கு முன்னால் நின்றால் மற்றதெல்லாம் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆறரை வரைக்கும் இங்கும் அங்கும் ஓடினார். அவளை ஒத்த ஒரு பெண்ணின் பின்னாலேயே போய், அந்தப் பெண் முறைத்ததும் மன்னிப்புக் கேட்டார். இரண்டரை வருடத்தில் மகள் பின்னாலிருந்து பார்த்தால் எப்படி இருப்பாள் என்பதே தனக்குச் சரியாகத் தெரியவில்லையே என்று திரும்பி வரும்போது வெள்ளகோவிலில் வண்டியை நிறுத்தி அழுதார்.

அதிலிருந்து ஒரு வேலை வைத்துக்கொண்டார். டச் போனை எடுத்துத் தன் பழைய எண்ணுக்குத் தானே கூப்பிடுவார். 'நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை' என்று குரல் சொல்லும். கவிப்பிரியாவுக்கும் இதே குரல்தான் இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கும். அப்பன் நம்மை அடியோடு வெட்டிவிட்டான் என்றுதானே நினைப்பாள்? நினைக்கட்டும், அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், கூப்பிடுவதை நிறுத்தாமல் இருந்தால் போதும் என்று அவருக்குத் தோன்றியது.

கம்பெனி அந்த நம்பருக்குத் துக்கம் காக்க ஆரம்பித்து இருபத்தைந்தாம் நாள், மத்தியானம் அப்படிக் கூப்பிட்டபோது மணி அடித்தது. ஒரு பெண் எடுத்தாள்.

"யாருய்யா பேசுறது?"

நஞ்சப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏனுங்க, இது என்ற நம்பருங்களே."

"ஒங்க நம்பரா? நான் துட்டு குடுத்து வாங்கி நேத்துத்தான உயிர் வந்திருக்கு! கம்பெனி வாசல்ல கொடை போட்டு வித்தாவ."

அவள் பேர் முத்துப்பேச்சி. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, நல்லூரிலேயே ஒரு யூனிட்டில் தைக்கிறாள். இலக்கு குறைந்தால் மரியாதை நாட்களும் குறையும் என்பதை வேல்குமார் சொல்ல மறந்துவிட்டார் போலிருக்கிறது. நஞ்சப்பன் தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொன்னார். முத்துப்பேச்சிக்கு ஒன்று ஞாபகம் வந்தது.

"நேத்துச் சாயந்தரம் ஒண்ணு வந்துச்சுய்யா. மணி அடிச்சுது, நான் ஒடனே எடுத்துட்டேன். ஹலோ ஹலோன்னு கத்துறேன், அந்தப் பக்கம் பேச்சே இல்ல. கொஞ்ச நேரத்துல கட்டாயிருச்சு."

காயின் பாக்ஸில், எடுத்தவரோடு பேச வேண்டுமென்றால் காசு போட வேண்டும். போடாவிட்டால் எடுத்தவர் பேசுவது கூப்பிட்டவருக்குக் கேட்கும், கூப்பிட்டவர் பேசுவது எடுத்தவருக்குக் கேட்காது. கவிப்பிரியா இரண்டு வருடத்துக்கு மேலாகக் கையில் காசில்லாமல்தான் அந்தப் பெட்டிக்கு வந்து போயிருக்கிறாள். அப்பா எடுக்க மாட்டார் என்பதில் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

"இன்னிக்கு அஞ்சரைக்கு ஷிப்டு முடிஞ்சிரும். ரூமுக்கு வாங்கய்யா. மணி அடிச்சா நீங்களே பேசுங்க" என்றாள் முத்துப்பேச்சி. கம்பெனிக்காரர்கள் ஒரு மாதமாகச் செய்ய முடியாததை அவள் படிவமில்லாமல் செய்துவிட்டாள்.

ஆறு மணிக்கெல்லாம் நஞ்சப்பனும் மயிலாளும் முத்துப்பேச்சியின் லைன் வீட்டு வாசலில், இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்கள். டச் போன் வண்டியிலேயே இருந்தது. புது சினேகா சிம் வீட்டில் எங்கேயோ இருந்தது. முத்துப்பேச்சி தன் போனை மயிலாள் மடியில் வைத்தாள். மயிலாள் அதைத் தொடப் பயந்து, புருஷன் மடிக்கு மாற்றினாள். ஆறேகால் ஆயிற்று. ஆறு இருபது ஆயிற்று. "வருமுங்கம்மா, வரும்" என்று முத்துப்பேச்சி இந்த ஊர்ப் பேச்சில் சொல்லிப் பார்த்தாள்.

மணி அடித்தது. ஒரு மணி முடிவதற்குள் நஞ்சப்பன் பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டார். அந்தப் பக்கம் காசு விழுகிற சத்தம் கேட்டது.

"ஹலோ, நேத்து எடுத்தவங்களுங்களா? வெச்சராதீங்க, இன்னிக்கு காசு கொண்டாந்திருக்கறனுங்க" என்று ஒரே மூச்சில் வந்தது குரல். "இது எங்கப்பா நம்பருங்க. ஒரு மாசமா நம்பரே இல்லீன்னு சொல்லுச்சு. எங்கப்பா நல்லா இருக்காருங்களா? அது மட்டும் சொல்லுங்க."

மயிலாள் புருஷன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"இருக்கறேன் கண்ணு" என்றார்.

"அப்பா? ஏனுங்கப்பா எடுத்தீங்க? நீங்க எடுக்க மாட்டீங்களே! அம்மாவுக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சுங்களா?" என்று அலறினாள்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல சாமி, அம்மா இதா இருக்கறா. நம்பரைக் கட் பண்ணிட்டாங்க. ஆறு மாசமா உபயோகமில்லீன்னு. எடுத்தாத்தான் காலாம், எடுக்கலீன்னா அவங்க கணக்குல வராதாம். ஆயுசுக்கும்னு போட்டிருந்துச்சு, அது என்ற ஆயுசு இல்லையாம்..." இரண்டரை வருடம் சேர்த்து வைத்ததெல்லாம் உள்ளேயே நிற்க, வாய் மட்டும் பூபாலன் சொன்னதையே ஒப்பித்துக்கொண்டிருந்தது. அவருக்கே தெரிந்தது, ஆனால் நிறுத்த முடியவில்லை.

"அப்பா, அப்பா, இருங்க. காசு ஒண்ணுதான் கொண்டாந்தேன், கட்டாயிரும். உங்க புது நம்பரைச் சொல்லுங்க, சீக்கிரம், எழுதிக்கறேன்."

நஞ்சப்பன் நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, மனப்பாடமாகத் தெரிந்த பத்து எண்ணையும் ஒன்று விடாமல் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். உலகத்தில் அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்தது அந்த ஒரு நம்பர்தான்.

கவிப்பிரியா அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். "அது இந்த நம்பர்தானுங்கப்பா" என்றாள். அதோடு ஒரு ரூபாய் தீர்ந்துவிட்டது.

நஞ்சப்பன் போனைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். மயிலாள் அவர் கையை விலக்கி அதை வாங்கினாள். லைன் இல்லை என்று அவளுக்கும் தெரிந்தது. இருந்தாலும் காதில் வைத்துக்கொண்டு, "சாப்பிட்டயா கண்ணு?" என்று கேட்டாள்.